முதலில் கோணல் கூடியது, பிறகுதான் நேரானது

பற்களுக்குக் கம்பி போட்டு ஒன்றரை ஆண்டு ஆனபோது என் பற்கள் சேரும் விதம் முன்பிருந்ததைவிட மோசமாகிவிட்டது. இடப்பக்கக் கீழ்ப்பற்கள் மேல்பற்களைத் தாண்டி வெளியே வந்து நின்றன. மேல்வரிசையின் நடுக்கோடு ஓரிடத்திலும் கீழ்வரிசையின் நடுக்கோடு வேறோர் இடத்திலும் இருந்தன. சப்பாத்தியைக் கடித்துப் பிய்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டிச் சாப்பிட்டேன். “காசு கொடுத்து முகத்தைக் கெடுத்துக்கிறியேம்மா” என்றார் அப்பா. பல் சீரமைப்பு நிபுணரோ என் வாயைச் சோதித்துவிட்டு, எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, இனி அறுவை சிகிச்சைக்குத் தேதி பார்க்கலாம் என்றார்.

முகம் ஒரு பக்கமாகக் கோணியிருப்பதைப் பல் கம்பியும் தாடை அறுவை சிகிச்சையும் சேர்ந்து சரிசெய்யும் முறையில் பெரும்பாலோரைக் குழப்புவது இந்தக் கட்டம்தான். நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். சிகிச்சை முடிந்து கம்பியைக் கழற்றிய பிறகு, பழைய மாணவிகள், உறவினர்கள், முன்பின் அறியாத பெற்றோர் என்று பலர் கேட்டுவிட்டார்கள். என்ன செய்தார்கள், வலித்ததா, எவ்வளவு ஆயிற்று, அழகுக்காகவா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதுகிறேன்.

*தீபாவளிப் படங்கள் சொன்ன கதை*

பிறக்கும்போதே என் முகம் கோணலாக இருக்கவில்லை. முதல் சந்திப்பிலேயே அறுவை சிகிச்சை நிபுணர், “சின்ன வயதிலிருந்து எடுத்த படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள்” என்றார். எங்கள் வீட்டில் ஆண்டு தவறாமல் தீபாவளியன்று வாசலில் நின்று குடும்பப் படம் எடுப்போம். அவற்றை வரிசையாக அடுக்கியபோது எல்லாம் விளங்கியது. உயர்நிலை ஒன்றில் முகவாய் நடுவில் இருக்கிறது. உயர்நிலை மூன்றில் லேசாக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. அதற்குப் பிந்தைய படங்களில் நானே தலையைச் சாய்த்து நிற்கிறேன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஏதோ உருளுவது தெரியும். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. வளரும் வயதில் தாடை நீளுவதில் இந்த முனைக்குப் பெரிய பங்கு உண்டு. சிலருக்கு ஒரு பக்க முனை மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்துவிடும். எனக்கு வலப்பக்கம் கூடுதலாக வளர்ந்ததால் முகவாய் இடப்பக்கம் தள்ளப்பட்டது. முகம் சரியாமலிருக்க மேல்தாடையும் ஒரு பக்கம் இறங்கிவந்தது. ஐஸ்கிரீம் குச்சி போன்ற மரத்தகடு ஒன்றைப் பற்களுக்கு இடையில் குறுக்காக வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, தகடு மட்டும் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்த பிறகு எக்ஸ்ரேயைப் பற்றி எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

19 வயதிலேயே ஒரு பல்மருத்துவரைப் பார்த்தேன். இப்போது தொடக்கூடாது என்றார். வளர்ச்சி நிற்காத தாடையை நேராக்கினால் அது மறுபடியும் கோணும். பொதுவாகப் பெண்களுக்கு 16 முதல் 18 வயதிலும் ஆண்களுக்கு 18 முதல் 21 வயதிலும் தாடை வளர்ச்சி ஓய்ந்துவிடும். ஆனால் இப்படி ஒரு முனை மட்டும் வளரும் கோளாறில் அது இருபதுகளின் நடுப்பகுதிவரைகூட நீளலாம். அதனால் ஆண்டுக்கொரு முறை பல்லச்சும் படமும் எடுத்து ஒப்பிட்டார்கள். இறுதியில் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு இன்னும் சுறுசுறுப்பாக வளரும் இடத்தில் அந்த மருந்து அதிகமாகச் சேரும். என் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிந்தது. 24 வயதில்தான் பச்சைக்கொடி கிடைத்தது. வளர்ச்சி நிற்காமலே இருந்தால் அந்த முனையின் மேற்பகுதியைச் சற்றுச் சீவியெடுக்கும் வழியும் இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

*பற்கள் போட்ட வேடம்*

இனி அந்த “மோசமாவது” பற்றி. தாடை கோணும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. நாக்கும் கன்னமும் உதடும் அழுத்த, மேலும் கீழும் எப்படியாவது சந்திக்க வேண்டுமே என்று அவை சாய்ந்துகொடுக்கின்றன. என் இடப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பற்கள் உள்ளே சாய்ந்திருந்தன. அதே பக்கத்து மேல்பற்கள் வெளியே சாய்ந்திருந்தன. முன்பற்களும் தம் பங்குக்குச் சாய்ந்திருந்தன. எலும்பில் இருந்த கோணலில் ஒரு பகுதியை இப்படிப் பற்கள் மறைத்து வைத்திருந்தன.

தரை சாய்வாக இருக்கும் கடையில் மேசை ஆடாமலிருக்கக் காலுக்கடியில் அட்டையை மடித்து வைப்பார்கள். பிறகு தரையைச் சமன்செய்தாலும் அட்டையை எடுக்காவிட்டால் மேசை ஆடத்தான் செய்யும். சாய்ந்த பற்கள்தான் அந்த அட்டை. அறுவை சிகிச்சைக்கு முன்பு கம்பி போடுவது, ஒவ்வொரு பல்லையும் அதன் எலும்பின்மீது நிமிர்த்தி நிறுத்துவதற்காக. நிமிர்ந்ததும் மறைவு விலகி, எலும்பின் முழுக் கோணலும் வெளியே வருகிறது. அப்போதுதான் அறுவை சிகிச்சை நிபுணரால் தாடையை வேண்டிய தூரம் நகர்த்த முடியும். நகர்த்திய பிறகு மேலும் கீழும் பொருந்தவும் செய்யும்.

கம்பி மட்டும் போட்டிருந்தால் பற்கள் ஓரளவு சந்தித்திருக்கும், முகவாய் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். கோணல் லேசாக இருப்பவர்களுக்கு அதுவே போதும் என்று மருத்துவர்களே சொல்வதுண்டு. முதலில் அறுவை, பிறகு கம்பி என்று வரிசையை மாற்றிச் செய்யும் முறையும் இப்போது சில இடங்களில் இருக்கிறது. எல்லாருக்கும் அது பொருந்தாது. எனக்கு விலகல் 7 மில்லிமீட்டர் இருந்ததாலும் மேல்தாடையும் சாய்ந்திருந்ததாலும் வழக்கமான பாதைதான் என்று இரண்டு நிபுணர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவுசெய்தார்கள். அந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒருவர் தொடங்கிப் பாதியில் இன்னொருவரிடம் அனுப்பும் சிகிச்சை அல்ல இது.

2021 மார்ச்சில் கம்பி போட்டேன். முகக்கவசக் காலம் என்பதால் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. என் கோணல் உச்சத்துக்கு வந்த நேரம் பார்த்து, 2022 ஆகஸ்டு இறுதியில், வகுப்பறையிலும் முகக்கவசம் கட்டாயமில்லை என்ற அறிவிப்பு வந்தது. நான் இன்னும் மூன்று மாதம் அணிந்துகொண்டேன்.

*அப்பாவின் கேள்வி*

வீட்டில் அம்மாவைச் சம்மதிக்கவைப்பது எளிதாக இருந்தது. இரவில் தாடை மூட்டு ‘டக் டக்’ என்று ஒலிப்பதையும், உள்கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாகியிருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். அத்தை வேறு வழியில் ஆதரித்தார்: “நல்ல வரன் பார்க்கும்போது நேரா ஒரு படம் கொடுக்கலாமே.” அந்த ஆதரவு எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

அப்பாதான் அசையவில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத உடம்பை எதற்கு வெட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அது அசட்டு வாதம் அல்ல. இணையத்தில் தேடித்தேடிப் படித்து மேலும் பயந்துபோயிருந்தார். மேல்தாடையை வெட்டும் கோட்டுக்கு ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் இருக்கிறது. மண்டையோடு எந்தெந்தக் கோட்டில் உடைகிறது என்பதைப் பிணங்களின் தலைகளை மோதி ஆராய்ந்து 1901ல் வெளியிட்டவர் அவர். இதைப் படித்துவிட்டுத்தான் அப்பா மருத்துவரைப் பார்க்க வந்தார். கீழ்த்தாடையைத் திருத்தும் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் 1849லேயே நடந்திருக்கிறது என்றும், இன்று செய்யும் முறைக்கு அடித்தளம் 1957ல் ஹ்யூகோ ஒப்வெகேசர் வெளியிட்ட முறை என்றும் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா கேட்டது வேறு: “உங்க மகளா இருந்தா செய்வீங்களா, டாக்டர்?”

மருத்துவர் நேராகப் பதில் சொல்லவில்லை. நரம்பின் படத்தை எடுத்துக் காட்டினார்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சுரங்கப்பாதையில் நரம்பு ஒன்று ஓடுகிறது. முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் வெளியே வந்து கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடுவுணர்வைத் தருகிறது. கீழ்த்தாடையை வெட்டுவது இந்த நரம்பு ஓடும் இடத்தில்தான். கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், எலும்பை ஒரு பலகையைத் தடிப்பில் இரண்டாகப் பிளப்பதுபோல் பிளக்கிறார்கள். நரம்பு வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டாலும் இழுபடும், நசுங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் கீழுதடு மரத்துப்போவது மிகச் சாதாரணம். பெரும்பாலோருக்கு வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்கு ஒரு பகுதி திரும்பாமலே போகலாம். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. “நேரான தாடைக்கு இது விலையாக இருக்கலாம். கொடுக்கலாமா என்பதை உங்கள் மகள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

எனக்கு அது சின்ன விலையாகத் தெரியவில்லை. ப, ம சொல்ல இரண்டு உதடும் சேர வேண்டும். வ சொல்லக் கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டும். நாளெல்லாம் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவரிடம் கேட்டபோது ஒரு வேறுபாட்டை விளக்கினார்: அந்த நரம்பு உணர்வுக்கு மட்டுமே. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு பாதையில் வருகிறது. ஆகவே உதடு அசையும். அசைவது எனக்குத் தெரியாமல் போகலாம். ஒரு வாரம் யோசித்தேன். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பியே பேசும் என் பழக்கத்தையும் சேர்த்துத்தான் யோசித்தேன். பிறகு சரி என்றேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். ஆனாலும் ஒப்புதல் படிவத்தை மேசைமீது வைத்து, அவர் முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

*நவம்பர் விடுமுறை*

ஆசிரியர்களுக்கு ஒரு வசதி, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. நவம்பர் கடைசி வாரத்தில் தேதி வாங்கினேன். ஞானப்பற்களை முன்கூட்டியே எடுத்தாகிவிட்டது; அவை இருக்கும் இடத்தில்தான் எலும்பைப் பிளக்கவேண்டும். சிடி ஸ்கேனை வைத்துக் கணினியில் என் தாடையை வெட்டி நகர்த்திப் பார்த்தார்கள். அந்த அளவுக்கேற்பப் பற்களுக்கு இடையில் வைக்கும் மெல்லிய அச்சுத் தகட்டை முப்பரிமாண அச்சில் தயாரித்தார்கள். அறுவை அறையில் தாடையைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்க அதுதான் அளவுகோல்.

ஐந்து மணி நேரம் ஆனதாம். வெட்டுகள் எல்லாமே வாய்க்குள்தான், முகத்தில் ஒரு தழும்பும் இல்லை. மேல்தாடையைச் சமன்படுத்தினார்கள், கீழ்த்தாடையைச் சுழற்றி நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், இரண்டையும் டைட்டேனியத் தகடுகளாலும் திருகுகளாலும் பிணைத்தார்கள். இந்தத் தகடுகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, எலும்பு கூடும்வரை ஆறு வாரம்போல மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் இறுகக் கட்டி வைத்திருப்பார்களாம். எனக்கு ரப்பர் வளையங்கள் மட்டுமே.

வலித்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வலி எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மருந்தும் மரத்துப்போனதும் அதைப் பார்த்துக்கொண்டன. மூக்கடைப்புதான் கொடுமை. மூச்சுக்குழாயை மூக்கு வழியாகச் செலுத்தியிருந்ததாலும் மேல்தாடையை வெட்டியதாலும் மூக்கில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. வாயைத் திறக்கவும் முடியாது. முதல் இரண்டு இரவுகள் உட்கார்ந்தபடியே தூங்கினேன், தூங்கினேன் என்று சொல்ல முடியுமானால். தாதி ஒருவர் மணிக்கொரு முறை வந்து பனிக்கட்டிப் பையை மாற்றினார். மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருந்தது. என் முகம் பலாப்பழம் மாதிரி இருந்ததாகத் தம்பி சொன்னான். சிரிக்கவும் முடியவில்லை.

நான்காம் நாள் வீடு. ஊசியில்லாத சிரிஞ்சில் பருப்புத் தண்ணீர், வடிகட்டிய ரசம், கேழ்வரகுக் கூழ், மைலோ. அம்மா சாம்பார் சாதத்தையே பிளெண்டரில் அடித்துக் கொடுத்தார். ருசி சரியாக இருந்தது, நிறத்தைப் பார்க்காமலிருந்தால். ஆறு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். மூன்றாவது வாரம் சொதியில் ஊறிய இடியாப்பம் சாப்பிட அனுமதி கிடைத்தபோது வீட்டில் விசேஷம் போல இருந்தது.

யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டாவது வாரத்தில் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தேன். கண்ணாடியில் இருந்தவள் நானாகவும் இல்லை, நான் எதிர்பார்த்தவளாகவும் இல்லை. இது பலருக்கும் நடப்பது, வீக்கம் வடிய வடியச் சரியாகும் என்று மருந்தகத் தாதி தொலைபேசியில் சொன்னார். இதை முன்னாலேயே என் அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் அவரும் அவ்வளவு பயந்திருக்க மாட்டார். இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் வீட்டாரையும் ஒரு முறையாவது மருத்துவரிடம் அழைத்துப்போவது நல்லது.

ஜனவரியில் வகுப்புக்குத் திரும்பினேன். வாயை முழுதாகத் திறக்க முடியாமல் ழகரம் சிக்கியது. ‘பழம்’ சொல்லித்தர நின்றபோது முதல் வரிசைப் பையன், “டீச்சர், உங்க பல்லுல ரப்பர் பேண்டு இருக்கு” என்றான். அன்றைய பாடத்தில் பாதி நேரம் ரப்பர் வளையத்தைப் பற்றித்தான் போயிற்று. கோப்பி குடித்தால் கீழுதட்டில் வழிவது தெரியாது. கைக்குட்டையால் துடைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. கம்பி இன்னும் எட்டு மாதம் இருந்தது, பற்களின் கடைசிப் பொருத்தத்துக்காக. 2023 ஆகஸ்டில் கழற்றினார்கள்.

முகவாய் நடுவுக்கு வந்துவிட்டது. மூட்டுச் சத்தம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. வலக்கன்னம் இன்னும் சற்றுப் புடைப்பாகத்தான் இருக்கிறது. எலும்பை நகர்த்தினாலும் சதை தன் பழைய கணக்கை வைத்திருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஓரிரு மில்லிமீட்டரை யாரும் பார்ப்பதுமில்லை. இடப்பக்கம் உணர்வு முழுதாகத் திரும்பிவிட்டது. வலப்பக்க முகவாயில் பத்துக் காசு அளவு இடம் இன்றும் மரத்தே இருக்கிறது. அதோடு பழகிவிட்டேன். இரவில் பற்கள் பழைய இடத்துக்கு நகராமலிருக்கத் தாங்கி அணிகிறேன்.

செலவு பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூரில் மருத்துவக் காரணத்துக்காகச் செய்யும் தாடை அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைக் குறிப்பிட்ட வரம்புவரை எடுக்கலாம். கம்பிக்கு எடுக்க முடியாது, அது கைக்காசு. அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிசேவும் கிடையாது, மெடிஷீல்டு லைஃபும் கிடையாது. எனவே தொடங்குவதற்கு முன்பே எந்தப் பகுதி எதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேசியப் பல் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இரண்டு துறை நிபுணர்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். மானியக் கட்டணத்தில் போக விரும்பினால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு தொடங்கலாம். ஜோகூரில் இருக்கும் என் சித்தி மகளும் கேட்டாள். மலேசியாவிலும் அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும்.

அழகுக்காகவா என்ற கேள்விக்கு: மெல்லுவதற்காகவும்தான், அழகுக்காகவும்தான். இரண்டையும் கத்தியால் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

எல்லாக் கோணலும் அறுவை சிகிச்சைவரை போக வேண்டியதில்லை. போன ஆண்டு என் மாணவி ஒருத்தியின் அம்மா, மகளின் முகவாய் ஒரு பக்கம் போவதாகப் பதறிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு எட்டு வயது. மேல்தாடை குறுகலாக இருந்ததால், பற்கள் சந்திக்கும் கடைசி நொடியில் கீழ்த்தாடை பக்கவாட்டில் வழுக்கிப் போயிற்று. எலும்பு இன்னும் கோணவில்லை. மேல்தாடையை விரிக்கும் கருவி ஒன்றைச் சில மாதம் அணிந்தாள். தாடை நேராக மூடத் தொடங்கிவிட்டது. வீட்டிலேயே பார்க்கலாம்: பிள்ளையைக் கண்ணாடி முன் நிறுத்தி வாயை மெல்ல மூடச் சொல்லுங்கள். மூடும்போது முகவாய் ஒரு பக்கம் விலகினால் காட்டிவிடுங்கள். அதேபோல், விளையாடும்போது கீழே விழுந்து முகவாயில் அடிபட்டால் தையல் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த அடி காதுக்கு முன்னாலுள்ள மூட்டு முனையை உடைத்திருக்கலாம். பிள்ளை வாய் திறக்கச் சிரமப்பட்டாலோ கடிக்கும் விதம் மாறினாலோ உடனே எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பல் மருத்துவச் சேவை கிடைக்கிறது. ஆண்டுப் பரிசோதனைக்குப் போகும்போது, தாடை ஒரு பக்கம் போவதாகத் தோன்றுகிறது என்று நீங்களே ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.